'மால் ஓ கெர்' என்றால் நெஞ்சுவலி அல்ல

கேள்வி: அடுத்த மாதம் அப்பாவைப் பாரிசுக்கு அழைத்துப் போகிறேன். வயது 68. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார், சுகரும் உண்டு. அவசரத்துக்கு எந்தெந்த பிரெஞ்சு வாக்கியங்களைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்: முதலில், எதைச் சொல்லக் கூடாது என்று பார்ப்போம். அகராதியில் 'கெர்' என்றால் இதயம், 'மால்' என்றால் வலி. இரண்டையும் சேர்த்து 'மால் ஓ கெர்' என்றால், அப்பாவுக்குக் குமட்டுகிறது என்றுதான் பிரெஞ்சுக்காரர் புரிந்துகொள்வார். நெஞ்சுவலிக்குச் சொல்ல வேண்டியது: 'மோன் பேர் ஆ மால் ஆ லா புவாத்ரீன்.' என் அப்பாவுக்கு மார்பில் வலி என்று பொருள். 'மோன்' என்பதில் வரும் ன் முழுதாக ஒலிக்காது, மூக்கோடு நின்றுவிடும். நீங்கள் அழுத்திச் சொன்னாலும் புரியும், உச்சரிப்புக்காகத் தயங்காதீர்கள்.

பிரான்சில் மருத்துவ அவசரத்துக்கு 15-ஐ அழைக்க வேண்டும். 112-ம் எடுக்கும். எடுப்பவர் முதலில் விலாசம் கேட்பார்: 'கெல் அத்ரெஸ்?' அதன் பிறகே மருத்துவர் பேசுவார். தங்குமிடத்தின் விலாசத்தைச் சட்டைப்பையில் எழுதி வைத்திருங்கள். 'கெல் ஆஜ்?' என்றால் வயது. 68 என்பது 'ஸுவாஸான்த் உயீத்'. 'இல் ரெஸ்பீர்?' என்றால் மூச்சு விடுகிறாரா என்று அர்த்தம். ஆம் என்பதற்கு 'வீ', இல்லை என்பதற்கு 'நோன்'. 'ந கித்தே பா' என்று கேட்டால், லைனில் இருங்கள் என்கிறார்கள். அவர்கள் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்.

மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதித் தரச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். டோலோ என்றால் பாரிஸ் மருந்துக்கடைக்காரர் விழிப்பார். பாராசிட்டமால் என்றால் எடுத்துக் கொடுப்பார். பச்சைச் சிலுவை ஒளிரும் கடைதான் மருந்துக்கடை.

சுகரை 'சூக்ர்' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். நோய்க்கு 'இல் ஏ தியாபெதீக்' என்பதுதான் சரி. ஆனால் வழியில் அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கை நடுங்கினால், அருகிலுள்ள காபிக் கடையில் அந்தச் சொல்லே உதவும்: 'தியு சூக்ர், வீத்!' சர்க்கரை கொடுங்கள், சீக்கிரம். அவர் மயங்கிவிட்டால் மட்டும் வாயில் எதையும் போடாமல் 15-ஐ அழையுங்கள்.