விக்டோரியாவில் தீத்தடுப்புக்காகச் சாலையோரச் செடிகளை மொத்தமாக வழிக்கலாமா?

கூடாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், ஊரகத் தீயணைப்பு ஆணையச் சட்டத்தின் (1958) 43ஆம் பிரிவு சாலையோரத் தீயைத் தடுக்கும் கடமையை உள்ளாட்சி மன்றங்களுக்குத் தருகிறது. ஆனாலும் மண்ணுக்குரிய செடிகொடிகளை அகற்ற, விலக்கு பொருந்தாதவரை, திட்ட அனுமதி (planning permit) வேண்டும்.

கிரேடரால் (மண்ணைச் சமன்படுத்தும் இயந்திரம்) சுரண்டுவதுதான் பெரிய தவறு. கிளறிய மண்ணில் ஃபலாரிஸ் போன்ற அயல்புல் ஆளுயரம் வளரும். கோடையில் காய்ந்து முன்பைவிட மோசமாக எரியும். மண்ணுக்குரிய கங்காரு புல்லோ கோடையில் வளர்வது, பச்சை தங்கும். அதைக் காப்பதே பாதித் தீத்தடுப்பு!

அயல்புல்லை விதை முற்றுமுன், பச்சையிலேயே 10 செ.மீ.க்கு வெட்டுங்கள். வெட்டும் இயந்திரத்தின் பிளேடு மூடிக்கு அடியில் ஒட்டிய விதைகளைச் சுரண்டி எடுத்த பிறகே இயந்திரத்தை அடுத்த இடத்துக்கு நகர்த்துங்கள். பக்கத்து நிலக்காரர் வெட்டுவதானால், முதலில் உள்ளாட்சி மன்றத்திடம் எழுத்தில் கேட்கட்டும்.