வாசகர் கேள்வி – வானியல் பதில்

கேள்வி: எங்கள் கல்லூரியில் 8 அங்குல டாப்ஸோனியன் (கையால் தள்ளித் திருப்பும் வகை) தொலைநோக்கி இருக்கிறது. பொதுமக்களுக்கு வானியல் உரை, அது முடிந்ததும் மொட்டைமாடியில் கோள் பார்ப்பது என்று நடத்தினோம். 150 பேர் வந்தார்கள். சனியின் வளையம் கலங்கலாகத்தான் தெரிந்தது. பாதிப்பேர் பார்க்காமலே கிளம்பிவிட்டார்கள். எங்கே தவறு?
– பேராசிரியர், நாமக்கல்

பதில்: கலங்கலுக்கு முதல் காரணம் அந்த மொட்டைமாடிதான். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் ராத்திரி வெகுநேரம் சூட்டைக் கக்கும். அதற்கு மேலே எந்தக் கோளும் தண்ணீருக்கடியில் கிடக்கும் காசு மாதிரி நெளியும். புல்தரைக்கு இறங்குங்கள். பக்கத்தில் தெருவிளக்கு இருந்தாலும் பாதகமில்லை. சனியும் வியாழனும் அதற்கெல்லாம் மங்காது. சனி அடிவானத்திலிருந்து 30 பாகை உயரம் ஏறும்வரை பொறுங்கள்.

தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிட வேண்டும். ஏசி அறையிலிருந்து நேரே கொண்டுவந்தால் கண்ணாடியில் ஈரம் படியும். தூக்கி வரும்போது கண்ணாடிகளும் லேசாக நகரும். பளிச்சென்ற நட்சத்திரம் ஒன்றைப் பார்வையின் நடுவில் வைத்து, ஃபோகஸைக் கலைத்துப் பாருங்கள். ஒளிவட்டத்துக்குள் தெரியும் கரும்பொட்டு நடுவில் இல்லையென்றால் அடிக்கண்ணாடித் திருகுகளைச் சரிசெய்த பிறகுதான் மற்ற வேலை.

அடுத்தது உருப்பெருக்கம். உங்கள் தொலைநோக்கியின் குவியத் தூரம் (கண்ணாடியிலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம்) 1200 மி.மீ. என்றால், 5 மி.மீ. ஐபீஸ், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ், 240 மடங்கு காட்டும். பெரும்பாலான இரவுகளில் காற்று அதைத் தாங்காது. 10 மி.மீ. போட்டு 120 மடங்கில் நிறுத்துங்கள். அதிலும் பூமியின் சுழற்சிக்கு ஈடாகக் குழாயைத் திருப்பும் மோட்டார் இல்லாததால் கோள் சுமார் 100 விநாடியில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஓடிவிடும். எனவே இரண்டு பேருக்கு ஒருமுறை ஒருவர் குழாயைத் தள்ளி, கோள் உள்ளே நுழையும் விளிம்பில் வைக்க வேண்டும்.

வரிசைக்கு வெறும் பெருக்கல் கணக்குதான்: ஆளுக்கு 40 விநாடி, 150 பேர், 100 நிமிடம். கூட்டத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு குழு தொலைநோக்கியிடம் நிற்கையில் மற்றவர்களுக்கு உள்ளே உரை நடக்கட்டும். குழந்தைகளுக்கு ஆடாத முக்காலி ஒன்று போடுங்கள்; இல்லாவிட்டால் குழாயைப் பிடித்துத்தான் எம்புவார்கள், சனி காணாமல் போகும்.

கேள்வி: மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கழற்றலாம், ஃபோகஸ் குமிழைத் திருப்பினால் போதும். சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததற்குத் தரும் பவர்) அதிகம் உள்ளவர்கள் போட்டுக்கொண்டே பாருங்கள். அதை ஃபோகஸால் ஈடுகட்ட முடியாது.

கேள்வி: நிலாவைப் பார்க்கப் பௌர்ணமிதானே சிறந்தது?
– மாணவர், மதுரை

பதில்: அதுதான் மோசமான நாள். வெளிச்சம் நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது. தட்டையாகத் தெரியும், கண்ணும் கூசும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டி வையுங்கள். நல்ல காரியத்துக்கு ஆகாத திதி என்பார்கள். நிலாப் பள்ளங்களுக்கு அதுதான் முகூர்த்தம். இருட்டும்போதே நிலா உச்சிக்கு அருகில் நிற்கும். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பாருங்கள். பள்ளத்தின் விளிம்பு வெளுத்தும் உட்புறம் கறுத்தும் தெரியும்.