அம்மா குழம்பில் ஏதோ கலக்கிறாள் என்கிறான் மகன்

நான்கு பக்கக் கடிதத்தில் முக்கால்வாசி சாப்பாடுதான். இந்துப்பு நல்லதா, கருஞ்சீரகம் எவ்வளவு, பிள்ளைகளுக்கு வாரத்தில் எத்தனை நாள் மீன், மாமியாருக்குக் கருவாடு கொடுக்கலாமா, குடும்பம் முழுவதும் ஆரோக்கியமாக இருக்க ஓர் அட்டவணை போட்டுத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில், முளைகட்டிய பயறுக்கும் செம்புக் குடத்துத் தண்ணீருக்கும் இடையில் மூன்று வரி: "பெரியவனுக்கு 17 வயசு. ஒரு மாசமா ராத்திரி தூங்குறதில்ல. நான் வைக்கிற குழம்புல ஏதோ கலந்திருக்குன்னு சொல்லி பிஸ்கட் மட்டும் திங்கிறான். கேப்பையும் நெய்யும் சேர்த்தா சரியாகுமா?"

ஆகாது அம்மா. அட்டவணையை அப்புறம் பார்ப்போம். இந்த வாரமே பையனை மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். இதற்கு மேல் படிக்க நேரமில்லாவிட்டாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள்.

17 வயதுப் பையன் கதவைச் சாத்திக்கொள்வான், சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுவான், விடிய விடிய போன் நோண்டுவான், மறுநாள் மதியம்வரை தூங்குவான். அதெல்லாம் வயசு. அதற்காக யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். உங்கள் மகன் விஷயம் வேறு. ராத்திரியும் தூங்கவில்லை, பகலிலும் தூங்கவில்லை. கூட்டாளிகளோடு கடற்கரைக்குப் போவதை நிறுத்திவிட்டான். தெருவில் போகிறவர்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்கிறான். பெற்ற தாய் சோற்றில் மருந்து வைக்கிறாள் என்று நம்பி, அந்த நம்பிக்கையால் பட்டினி கிடக்கிறான். தூக்கம் கெட்டு, சந்தேகம் உறுதிப்பட்டு, பழகியவர்களை விட்டு ஒதுங்குவது, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் காத்திருக்கக் கூடாது.

இதற்கு என்ன பெயர் என்று இப்போதே கேட்காதீர்கள். கஞ்சா இப்படிச் செய்யும். நம் கடற்கரையில் அது கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடுமையான மனச்சோர்வு, வலிப்பு, தைராய்டு கோளாறு இவையும் இப்படிக் காட்டலாம். இல்லாததை உண்மை என்று நம்பவைக்கும் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் தலை ஸ்கேன் எடுத்து, அவனிடம் தனியாகப் பேசிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எதுவாக இருந்தாலும், சிகிச்சை தொடங்கத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் மீண்டு வருவதைக் கடினமாக்கும்.

கடைசிப் பக்கத்தில் உங்கள் கொழுந்தனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மனநோய் உள்ளவர்களைக் கொண்டுபோகும் தர்கா இருக்கிற ஏர்வாடியில் வருஷக்கணக்காக இருந்தவர், பிறகு வீடு திரும்பாதவர். 'அவருக்கு வந்தது இவனுக்கும் வருமோ' என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நான்கு பக்கமும் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாமல் எழுதியதுதான். எனவே நேராகச் சொல்கிறேன். மனச்சிதைவு பொதுவாக 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வாழ்நாளில் வருகிறது. சித்தப்பாவுக்கு இருந்தால் அது மூன்று, நான்கு பேர் ஆகும். மீதி 96 பேருக்கு வருவதில்லை. ரத்தத்தில் இருக்கிறது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று ஒடுங்கிப் போக இதில் எதுவும் இல்லை. கொழுந்தனுக்கு நோய் வந்தது ஒரு பாதி. வைத்தியம் இல்லாமல் வருஷங்கள் போனது மறுபாதி. உங்கள் மகன் விஷயத்தில் அந்த இரண்டாம் பாதி உங்கள் கையில் இருக்கிறது.

ஏர்வாடிக்குக் கூட்டிப் போய்த் தொழுகையோ நேர்ச்சையோ செய்ய மனசு கேட்டால் செய்யுங்கள். இந்தக் கரையில் எல்லா மதத்தாரும் போகிறார்கள், நான் தடுப்பதில்லை. மருந்தோடு சேர்த்துப் போங்கள் என்று மட்டும்தான் சொல்வேன். கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது வேறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இன்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியால் கட்டுவது குற்றம். வீட்டுத் திண்ணையில் கட்டினாலும் குற்றம்தான். அதேபோல், யாரோ சோற்றில் வைத்ததாகச் சொல்லும் மருந்தை வயிற்றிலிருந்து 'எடுக்கிறவர்' ஒருவர் பக்கத்து ஊரில் இருப்பதாக யாரோ சொன்னார்களாம். அங்கே மட்டும் போய்விடாதீர்கள். வாயில் ஒளித்துவைத்த உருண்டையை அவர் எடுத்துக் காட்டுவார். 'பார்த்தியா, நான் சொன்னது உண்மைதான்' என்று பையனின் சந்தேகம் கல்லில் எழுதியதாகிவிடும்.

மாமியாரின் தூக்க மாத்திரையில் பாதியைப் பாலில் கரைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். படித்தவுடன் கோபம்தான் வந்தது. 70 வயதுக்காரருக்கு, அவர் உடம்பைப் பார்த்து எழுதிய மாத்திரை அது. பையனுக்கு ஒரு ராத்திரி கண் சொக்கும், சந்தேகம் அப்படியே இருக்கும், நாளடைவில் பழக்கமாகும். குடலைக் கழுவினால் மனசு தெளியும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னாராம், பேதிக்கும் கொடுத்தீர்களாம். ஏற்கெனவே பிஸ்கட்டில் உயிர் வாழும் பிள்ளைக்குப் பேதி மருந்து! அந்த வீடியோவுக்கு எத்தனை லட்சம் பேர் விருப்பம் தெரிவித்திருந்தாலும் சரி, போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

பாலில் கரைத்ததில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அம்மா எதையோ கலக்கிறாள் என்று நினைக்கும் பிள்ளைக்கு நீங்கள் உண்மையிலேயே கலந்து கொடுத்திருக்கிறீர்கள். அவன் கண்ணில் பட்டிருந்தால் இனி உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டான். மருத்துவர் மாத்திரை எழுதிய பிறகும் இதே ஆசை வரும். மீன் குழம்பில் பொடித்துப் போடலாமா என்று என்னிடம் கேட்காத குடும்பம் குறைவு. போடாதீர்கள். மாத்திரையை அட்டையோடு காட்டி, தூக்கம் வருவதற்கு, பயம் குறைவதற்கு என்று சொல்லி அவன் கையில் கொடுங்கள். மறுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கு வேறு வழிகள் உண்டு. சாப்பாட்டை ஒரே சட்டியிலிருந்து எல்லாருக்கும் நடுவில் வையுங்கள், அவனே போட்டுக்கொள்ளட்டும். தோலுரிக்காத வாழைப்பழம், அவித்த முட்டை, பனங்கிழங்கு போன்றவை இப்போதைக்கு எளிதாக இறங்கும்.

அவன் சொல்வதை மறுத்து வாதாடவும் வேண்டாம், ஆமாம் என்று தலையாட்டவும் வேண்டாம். "அப்படித் தோணுதாடா? அப்ப ரொம்பப் பயமா இருக்குமே" என்று சொன்னால் போதும். அவன் சந்தேகம் பொய்யாக இருக்கலாம், பயம் நிஜம். தங்கச்சியிடம் சொல்லி வையுங்கள், கேலி வேண்டாம். அப்பா "நாலு போட்டா சரியாயிருவான்" என்கிறாராம். லண்டனில் ஜார்ஜ் பிரௌனும் கூட்டாளிகளும் 1972-இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டார் நடந்துகொள்ளும் விதம் நோயை என்ன செய்கிறது என்பதைத்தான் பார்த்தது. மனச்சிதைவுக்கு வைத்தியம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்களில், ஓயாமல் குறை சொல்லும் வீடுகளுக்குப் போனவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்ப வந்தது. நீங்கள் கேட்ட குடும்ப ஆரோக்கிய அட்டவணையில் நான் முதலில் போடுவது இதுதான். வீட்டில் குரல் தணிய வேண்டும். அதோடு, காற்று வாங்கட்டும் என்று அவனைப் படகில் ஏற்ற வேண்டாம். தூக்கமில்லாத, பயந்திருக்கும் பிள்ளைக்கு நடுக்கடல் இடமில்லை.

சாகப் போவதாகப் பேசினால், தன்னையோ பிறரையோ தாக்கப் பார்த்தால், தண்ணீரும் குடிக்க மறுத்தால், காய்ச்சலோடு பேச்சு குழறினால், நள்ளிரவு ஆனாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வீட்டிலுள்ள எலி மருந்து, பூச்சி மருந்து, மாமியாரின் மாத்திரைகள் எல்லாம் இன்றே பூட்டுக்குள் போகட்டும். சாக வேண்டும் போல் இருக்கிறதா என்று அவனிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

இந்தப் படிப்பு, இந்தப் பிள்ளை, எல்லாம் போச்சா என்றால் இல்லை. இப்படி முதல் முறை நோய் வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மருந்து தொடங்கிய சில வாரங்களில் சந்தேகம் தணிகிறது. சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தார், முதல் முறை மனச்சிதைவு வந்தவர்களை இருபது வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வேலைக்குப் போனவர்கள், கல்யாணம் செய்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். ஒன்றே ஒன்று, நன்றாகிவிட்டான் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் தொடர வேண்டியிருக்கும்.

மற்றவை வேகமாக. இந்துப்பும் உப்புதான், ரத்தக் கொதிப்புக்கு இரண்டும் ஒன்றே. அயோடின் கலந்த சாதாரண உப்பையே வாங்குங்கள், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். மாமியாருக்குக் கருவாடு வேண்டாம், அதே மீனைப் பச்சையாகக் குழம்பு வையுங்கள். சூடை, சாளை, நெத்திலி, காரல் போன்ற சின்ன மீன்களில் பாதரசப் பயம் இல்லை, வாரத்தில் மூன்று நாள் தாராளமாகக் கொடுக்கலாம். கருஞ்சீரகத்துக்குச் செலவழிக்கும் காசில் முட்டை வாங்குங்கள். செம்புக் குடம் இருந்தால் இருக்கட்டும்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். கணவர் கரையில் இருக்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம், மீன்பிடித் தடைக்காலம் வரட்டும் என்பதும் வேண்டாம், அண்ணனையோ தம்பியையோ துணைக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். தூக்கம் எப்போது கெட்டது, முதலில் என்ன சொன்னான், கொழுந்தனுக்கு எந்த வயதில் ஆரம்பித்தது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மாமியாரின் மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும். எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பதை மறைக்காதீர்கள். அங்கே இருப்பவர் இரண்டு வார்த்தை திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.