பிசிஓஎஸ் இருந்தால் தடை வருமா?

மகளுக்கு பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை), ஆண் ஹார்மோன் எனப்படும் டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் கூடுதல், 800 மீட்டர் சர்வதேசப் போட்டிக்கு மரபணுச் சோதனை கேட்கிறார்கள், தடை விழுந்துவிடுமோ என்று எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள். உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பர் 1 முதல் கேட்பது எஸ்ஆர்ஒய் சோதனை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுப்பார்கள், இல்லையென்றால் ரத்தம். ஆயுளுக்கு ஒரு தடவைதான். அது தேடுவது பொதுவாக ஆண்களுக்கு இருக்கும் ஒய் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவை, ஹார்மோன் அளவை அல்ல. பிசிஓஎஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உண்மையில் கவனிக்க வேண்டியது மாத்திரை. பிசிஓஎஸ்ஸுக்குச் சிலர் எழுதித்தரும் ஸ்பைரோனோலாக்டோன் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது! மருந்துச் சீட்டை இன்றே எடுத்துப் பாருங்கள்.

பெண்கள் பிரிவுக்கு ஒரு கோடு வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் ஒரு சோதனையே முடிவாகிவிடாது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பேரில் 8 பேருக்கு இதே மரபணு தெரிந்தது. எட்டுப் பேரையுமே விளையாட விட்டார்கள். இன்றைய விதி அதைவிடக் கறார்தான். அப்புறம், சோதனைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுமுன் அதன் அறிக்கை யார் யார் கைக்குப் போகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.