பழைய ப்ரோக்ரசிவ் ஃபோக் ராக் ஆல்பங்கள் இன்று கேட்டால் பழசாகத் தெரிகிறதா?

கேள்வி, 1960களின் கடைசியிலும் 70களிலும் பிரிட்டனில் வந்த ப்ரோக்ரசிவ் ஃபோக் ராக் ஆல்பங்களைப் பற்றியது. அதாவது, நாட்டுப்புறப் பாட்டை ராக் வாத்தியங்களோடு சேர்த்துப் புதிய வடிவங்களில் சோதித்துப் பார்த்த இசை. இன்று முதல்முறையாகக் கேட்கும் ஒருவருக்கு அவை காலம் கடந்துபோனவையாகத் தோன்றுமா?

பெரும்பாலானவை தோன்றாது என்பது என் பதில். பழசாக ஒலிக்கும் இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த இடங்களை மட்டும் தனியாக எடுத்துக் கேட்டுப் பாருங்கள். நாட்டுப்புறப் பாட்டிலிருந்து வந்த பகுதி பழசாகியிருக்காது. அந்த வருடத்தில் எது புத்தம் புதிதாக இருந்ததோ, அதுதான் பழசாகியிருக்கும்.

இந்த ஆல்பங்கள் வந்தபோது நான் பிறக்கவே இல்லை. அதனால் என் ரசனையில் இளமைக்கால நினைவு எதுவும் கலந்திருக்க வழியில்லை. லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் நான்காவது ஆல்பத்தில் (1971) பாடகர் ராபர்ட் பிளான்ட்டோடு ஒரு பெண் சேர்ந்து பாடும் பாட்டு ஒன்று வரும். அந்தக் குரல் யாருடையது என்று தேடிப் போய்த்தான் சாண்டி டென்னியைக் கண்டுபிடித்தேன். அவர் வழியாக அவர் பாடிய குழுவான ஃபேர்போர்ட் கன்வென்ஷன், அதிலிருந்து மற்றவர்கள் எல்லோரும்.

ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் 'லீஜ் அண்ட் லீஃப்' 1969 டிசம்பரில் வந்தது. அந்த ஒரே வருடத்தில் அவர்களுடைய மூன்றாவது ஆல்பம் அது. மே மாதம் நிகழ்ச்சி முடித்துத் திரும்பும்போது நெடுஞ்சாலையில் வேன் கவிழ்ந்து டிரம்மர் மார்ட்டின் லாம்பிள் இறந்துபோனார். அவருக்குப் பத்தொன்பது வயது. கிட்டாரிஸ்ட் ரிச்சர்ட் தாம்சனின் தோழியும் அதே விபத்தில் இறந்தார். குழுவைக் கலைத்துவிடலாமா என்று யோசித்தவர்கள், ஹாம்ப்ஷயரில் ஒரு கிராமத்து வீட்டை வாடகைக்கு எடுத்து, கோடை முழுக்க அங்கே தங்கிப் பழைய ஆங்கில, ஸ்காட்டிஷ் கதைப்பாடல்களை மின்கிட்டாரோடும் டிரம்ஸோடும் பாடிப் பழகினார்கள். பேஸ் வாசித்த ஆஷ்லி ஹட்ச்சிங்ஸ் லண்டனில் நாட்டுப்புறப் பாட்டுகளுக்கான செசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்தில் உட்கார்ந்து பாட்டுகளைத் தேடினார்.

அந்த ஆல்பத்தில் 'மாட்டி குரோவ்ஸ்' என்று எட்டு நிமிடப் பாட்டு ஒன்று இருக்கிறது. ஹார்வர்டு பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொகுத்த 305 கதைப்பாடல்களில் 81ஆவது இது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மக்கள் வாயில் இருந்த கதை. பிரபுவின் மனைவி கோயிலில் பார்த்த ஓர் இளைஞனை வீட்டுக்கு அழைக்கிறாள். வேலைக்காரன் ஓடிப்போய்ப் பிரபுவிடம் சொல்லிவிடுகிறான். வந்து பார்க்கும் பிரபு தூங்குகிறவனை எழுப்பி, "என்னிடம் இரண்டு வாள் இருக்கிறது, நல்லதை நீ எடுத்துக்கொள், மட்டமானதை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்கிறான். சண்டையில் இளைஞன் சாகிறான். இப்போது சொல், எங்கள் இருவரில் யாரைப் பிடிக்கும் என்று மனைவியைக் கேட்கிறான். செத்துக் கிடப்பவனைத்தான் என்கிறாள் அவள். அவளையும் கொல்கிறான்.

இதை சாண்டி டென்னி எப்படிப் பாடுகிறார் என்று கவனியுங்கள். அழுகை இல்லை, நடிப்பு இல்லை. பிரபுவின் கேள்வியையும் மனைவியின் பதிலையும் ஒரே குரலில், ஒரே நிதானத்தில் சொல்லிவிட்டுப் போகிறார். கதை சொல்லும் பாட்டியின் தோரணை அது, முதுகு சில்லிட்டுவிடும். பாட்டு முடிந்த பிறகு தாம்சனின் கிட்டாரும் டேவ் ஸ்வார்ப்ரிக்கின் ஃபிடிலும் (நாட்டுப்புற வயலின்) விடாமல் ஒன்றையொன்று துரத்துகின்றன. கொலை நடந்து முடிந்த வீட்டில் எழும் கூச்சல் மாதிரி. பின்னால் டேவ் மாட்டாக்ஸின் டிரம்ஸ். நடன இசைக்குழுக்களில் வாசித்துப் பழகியவர் என்பதால் எங்கே அடிக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தயாரிப்பாளர் ஜோ பாய்டும் ஒலிப்பதிவாளர் ஜான் வுட்டும் லண்டன் செல்சியில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோவில் இதைப் பதிவு செய்தார்கள். ஒரு பழைய பால் பண்ணைக் கட்டடம் அது. மேலே எந்த எஃபெக்ட்டையும் பூசவில்லை. வாத்தியம் வாத்தியமாகவே கேட்கிறது. இதில் 1969 என்று முத்திரை குத்த எனக்கு எதுவும் அகப்படவில்லை. முந்நூறு வருடம் பழைய பாட்டு, இன்னும் ஐம்பது வருடத்தில் அதற்கு என்ன ஆகிவிடும்?

பென்டாங்கிள் குழுவின் 'பாஸ்கெட் ஆஃப் லைட்'டும் அதே 1969தான். அதன் முதல் பாட்டு 'லைட் ஃப்ளைட்' பிபிசியின் முதல் வண்ண நாடகத் தொடருக்கு முகப்பு இசையாக வந்தது. தாளத்தில் ஐந்தும் ஏழும் மாறி மாறி வரும், நடுவில் ஆறுக்குப் போகும். மேற்கத்திய விமர்சகர்கள் இதைச் சிக்கலான கணக்காக விவரிப்பார்கள். ஐந்து எண்ணிக்கைக் கண்ட சாபும் ஏழு எண்ணிக்கை மிஸ்ர சாபும் கேட்டு வளர்ந்த நமக்குக் கை தானாகவே விழும். டேனி தாம்சனின் டபுள் பேஸ், ஜாக்கி மக்ஷீயின் மெல்லிய குரல், பெர்ட் ஜான்ஷ், ஜான் ரென்போர்ன் என்று இரண்டு கிட்டார்கள், டெரி காக்ஸின் டிரம்ஸ். எல்லாம் மரமும் தோலும் கம்பியும். நேற்றுப் பதிவு செய்தது என்று சொல்லி யாருக்காவது போட்டுக் காட்டினால் நம்பிவிடுவார்கள்.

ஆனால் அதே ஆல்பத்தில் 'ஹவுஸ் கார்பென்டர்' என்ற பழைய கதைப்பாடலுக்கு ரென்போர்ன் சிதார் வாசிக்கிறார். அங்கே எனக்குச் சட்டென்று 1969 வந்துவிடுகிறது. ரென்போர்ன் அபாரமான கலைஞர், அதில் சந்தேகமில்லை. ஆனால் பீட்டில்ஸுக்குப் பிறகு லண்டனில் எல்லோர் கையிலும் சிதார் இருந்த காலம் அது. முறையான சிதார் கேட்டுப் பழகிய காதுக்கு, இங்கே அது பாட்டுக்குள் போகாமல் மேலே ஒட்டிக்கொண்டு நிற்பது தெரியும். பாட்டு பழசாகவில்லை, சிதார்தான் பழசாகிவிட்டது.

இந்த வித்தியாசத்தை ஒரே குழுவுக்குள்ளேயே பார்க்கலாம். ஸ்டீலை ஸ்பானின் 'ப்ளீஸ் டு சீ த கிங்' (1971) ஆல்பத்தில் டிரம்மரே கிடையாது. மார்ட்டின் கார்த்தியின் மின்கிட்டாரும் பீட்டர் நைட்டின் ஃபிடிலும் சுருதி போல ஓடிக்கொண்டே இருக்கும், மேலே மேடி பிரையரின் குரல். கரகரவென்று, கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். இன்றைக்கு யாராவது துணிந்து இப்படி ஓர் ஆல்பம் போட்டால் பாராட்டுவார்கள். நான்கு வருடம் கழித்து மைக் பாட் தயாரிப்பில் 'ஆல் அரவுண்ட் மை ஹாட்' வந்தது. தலைப்புப் பாட்டு பிரிட்டன் தரவரிசையில் 5ஆம் இடம் வரை போனது. விற்பனையில் அதுதான் அவர்களுடைய உச்சம். ஆனால் அந்தத் துள்ளல் தாளம் அப்போதைய வானொலி ராக்கின் தாளம். இன்று கேட்டால் 1975 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

ஜெத்ரோ டல் குழு விஷயத்தில் இது இன்னும் தெளிவு. 'சாங்ஸ் ஃப்ரம் த வுட்' 1977 பிப்ரவரியில் வந்தது. பங்க் ராக் வெடித்த வருடம். நகரத்துப் பையன்கள் கிட்டாரில் மூன்றே கார்டு (சுரக்கூட்டு) வைத்துக் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், கிராமத்துப் பண்ணை வீட்டுக்குக் குடிபோயிருந்த ஜெத்ரோ டல்லின் பாடகர் இயன் ஆண்டர்சன் காட்டுத் தேவதைகளையும் குளிர்கால அயன விழாவையும் பற்றிப் பாடினார். வெளிவந்த அன்றே மோஸ்தருக்கு வெளியே நின்ற ஆல்பம், அதனால் அந்த மோஸ்தரோடு சேர்ந்து போகவும் இல்லை. தொடக்கத்தில் வாத்தியமே இல்லாமல் அடுக்கடுக்காகக் குரல்கள் மட்டும் வரும். புல்லாங்குழல், மாண்டலின், டேவிட் பாமர் வாசிக்கும் சின்னக் கைப்பெட்டி ஆர்கன், கூடவே மார்ட்டின் பாரின் கனமான மின்கிட்டார். 'ஜாக்-இன்-த-கிரீன்' பாட்டில் எல்லா வாத்தியமும் ஆண்டர்சனே வாசித்தது. அடுத்த வருடம் வந்த 'ஹெவி ஹார்சஸ்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு, டிராக்டர் வந்ததும் வேலையிழந்துபோன உழவுக் குதிரைகளைப் பற்றியது. கிளைட்ஸ்டேல், சஃபோக், ஷயர் என்று இனம் இனமாகப் பெயர் சொல்லிப் பாடுவார். ஏர் மாடு காணாமல் போனதைப் பார்த்த எந்த ஊர்க்காரருக்கும் அந்தப் பாட்டு புரியும்.

இப்போது அதே குழு 1984இல் போட்ட 'அண்டர் ராப்ஸ்' ஆல்பத்தைக் கேளுங்கள். டிரம்மர் இல்லை, டிரம் மெஷின். எங்கும் சிந்தசைசர். அன்றைக்கு அதைவிட நவீனமான ஒலி கிடையாது. இன்று, ஏழு வருடம் முந்தைய 'சாங்ஸ் ஃப்ரம் த வுட்'டைவிட அதுதான் கிழடு தட்டி ஒலிக்கிறது. ஆண்டர்சனின் மெட்டுகளில் குறை சொல்ல மாட்டேன், சிலது அருமை. ஆனால் அந்த மெஷினின் ஓசையைத் தாண்டி மெட்டுக்குள் போக எனக்கு ஒவ்வொரு முறையும் முயற்சி தேவைப்படுகிறது.

மெலோட்ரான் என்ற கீபோர்டும் அப்போது புதிய கருவிதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு காந்த நாடா இருக்கும், அமுக்கினால் பதிந்த வயலின் ஓசை சுமார் எட்டு நொடி ஓடும், அப்புறம் நின்றுவிடும். ஸ்ட்ராப்ஸ் குழுவின் 'ஹீரோ அண்ட் ஹீரோயின்' (1974) முழுக்க அது நிறைந்திருக்கிறது. உண்மையான வயலின் போல ஒலிக்க வேண்டும் என்று செய்தார்கள், ஒலிக்கவில்லை, நடுங்கும் ஒரு தனி ஓசை வந்தது. இன்று அதை யாரும் வயலினோடு ஒப்பிடுவதில்லை. இப்போதைய இசைக்கலைஞர்களும் அந்த நடுக்கத்துக்காகவே தேடிப் பிடித்து வாசிக்கிறார்கள். ஆக, புதிய கருவி எல்லாமே பழசாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. காலத்தைத் தாண்டியது மெலோட்ரான், தாண்டாதது 84இன் டிரம் மெஷின். ஸ்ட்ராப்ஸின் நாடகத்தனமான பாடும் முறை வேறு விஷயம், அதற்கு நான் கொஞ்சம் பழக வேண்டியிருந்தது.

உண்மையிலேயே பழசாகிப்போனது என்று நான் ஒப்புக்கொள்ளும் குழு இன்க்ரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்ட். 'த ஹாங்மேன்ஸ் பியூட்டிஃபுல் டாட்டர்' (1968) ஆல்பத்தின் ஹிப்பி ஆன்மிகமும் வேண்டுமென்றே சுருதியை விட்டு அலையும் குரல்களும் அந்தக் காலத்தோடு கட்டிப்போடப்பட்டவை. அதற்காகத் தள்ளிவிடாதீர்கள். 'எ வெரி செல்லுலர் சாங்' என்ற பதின்மூன்று நிமிடப் பாட்டில், பகாமாஸ் தீவுகளின் பக்திப் பாட்டு ஒன்றும் அமீபா தன்னைப் பற்றிப் பாடுவதும் அடுத்தடுத்து வரும். கடைசியில் எல்லோருக்கும் நல்லது நடக்கட்டும் என்று வாழ்த்தி முடியும்போது மனசு இளகிவிடும். 1968இன் நம்பிக்கை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பழசாக ஒலிப்பது எல்லா நேரமும் குறையாகிவிடாது.

இதற்கு நேர் எதிர் கோமஸ் என்ற குழு. 'ஃபர்ஸ்ட் அட்டரன்ஸ்' (1971) வந்த நேரத்தில் பெரும்பாலும் யாரும் வாங்கவில்லை. கிட்டார், வயலின், புல்லாங்குழல், கையால் தட்டும் தோல் வாத்தியங்கள், பெரும்பாலும் இவைதான். ஆனால் ரோஜர் வூட்டனின் கிறீச்சிடும் குரலில் இருக்கும் பயங்கரம் பல மெட்டல் குழுக்களுக்கு வராது. ஸ்வீடனின் மெட்டல் குழுவான ஓபெத் தங்கள் மூன்றாவது ஆல்பத்துக்கான தலைப்பையே இந்த ஆல்பத்தின் ஒரு வரியிலிருந்துதான் எடுத்தார்கள். பாடல்களில் வன்முறை அதிகம், அதைத் தாங்க முடியாதவர்கள் விட்டுவிடலாம்.

இன்னொன்று, நடைமுறை விஷயம். இந்த ஆல்பங்கள் மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் நிறைய இடைவெளி விட்டுப் பதிவு செய்யப்பட்டவை. இன்றைய பாட்டுகள் எல்லாம் அமுக்கி, ஒரே உரப்பில் வருகின்றன. அதைக் கேட்டுவிட்டு உடனே இதைப் போட்டால் சத்தம் குறைவாக இருக்கும், அதையே காது 'பழசு' என்று எடுத்துக்கொள்ளும். ஒலியளவைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேளுங்கள். ஜெத்ரோ டல் என்றால் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் மூல நாடாக்களிலிருந்து மறுபடி மிக்ஸ் செய்த பதிப்புகளைத் தேடுங்கள்: 'சாங்ஸ் ஃப்ரம் த வுட்' 2017, 'ஹெவி ஹார்சஸ்' 2018. பழைய சிடிகளில் மங்கிக் கிடந்த பேஸும் பின்குரல்களும் இவற்றில் தெளிவாக விலகி நிற்கின்றன, பாட்டின் குணமும் மாறவில்லை.

எங்கே தொடங்குவது என்றால், முதலில் 'பாஸ்கெட் ஆஃப் லைட்', அப்புறம் 'லீஜ் அண்ட் லீஃப்'. இரண்டும் பிடித்திருந்தால் 'சாங்ஸ் ஃப்ரம் த வுட்'. கோமஸை ஒரு மாதம் தள்ளி வையுங்கள்.