'நார்மல்' என்ற தாளும் அம்மாவின் சிறுநீரகமும்

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அம்மாவுக்கு 60 வயது. பத்து வருஷமாகச் சர்க்கரையும் பிரஷரும். வீட்டில் கிடந்த லேப் தாள்களில் கிரியேட்டினின் மூன்று வருஷத்துக்கு முன் 1.1, அப்புறம் 1.2, இப்போது 1.3. எல்லாத் தாளிலும் 'நார்மல் 0.6 – 1.4' என்றுதான் இருக்கிறது. ஊரில் கேம்ப் போட்டவர் கிட்னி போய்விட்டது, ஃபுல் பாடி பேக்கேஜ் எடுங்கள் என்கிறார். யாரை நம்புவது?"

இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். கேம்ப்காரர் பயமுறுத்துகிறார், லேப் தாள் தூங்க வைக்கிறது.

கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு. அதே 1.3 என்பது 25 வயது இளைஞருக்கு வந்தால், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஈஜிஎஃப்ஆர் 78 வாக்கில் இருக்கும். உங்கள் அம்மாவுக்கு 47தான். 1.1 இருந்தபோதே 60-க்குக் கீழே இறங்கிவிட்டார். மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். அம்மாவுடையது மூன்று வருஷக் கதை. கம்ப்யூட்டர் ஒரு நொடியில் போடும் இந்தக் கணக்கைத் தாளில் அச்சடிக்க இன்னும் பல லேப்களுக்கு மனசு வரவில்லை. தாளைப் பார்க்கும் டாக்டருக்கும் நேரமில்லை, வெளியே நூறு பேர் வரிசை.

ஒரு விஷயத்தை மட்டும் சரிபார்த்துக் கொள்ளுங்கள். ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் என்ன சாப்பிட்டார்? ஞாயிறு இரவு கறி தோசை, கூடவே மட்டன் சுக்கா, திங்கள் காலையில் ரத்தம் என்றால் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறித்தான் காட்டும். சமைத்த இறைச்சியே அதற்குக் காரணமாகலாம். வயிற்றுப்போக்கில் தண்ணீர் வற்றியிருந்தாலும் ஏறும். என்னிடம் வந்த ஒருவர் கிடா வெட்டு விருந்துக்கு மறுநாள் எடுத்த ரிசல்ட்டை வைத்துக்கொண்டு ஒரு மாதம் தூங்கவில்லை. கறியை நிறுத்தி மறுபடி பார்த்தோம், இறங்கிவிட்டது. ஆனால் மூன்று வருஷமாக ஒரே திசையில் ஏறுவதைக் கறி தோசையின் தலையில் கட்ட முடியாது.

அந்த லேப் தாள்களில் இல்லாத ஒரு டெஸ்ட் உண்டு: சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று காட்டும் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம். சர்க்கரைக்காரர்கள் வருஷம் ஒருமுறை பார்க்க வேண்டியது. 30-க்கு மேல் இருந்தால் மறுபடி எடுத்து உறுதி செய்ய வேண்டும். சிறுநீரில் குச்சி நனைத்து 'நில்' (nil, இல்லை) என்று எழுதுவது இதற்கு ஈடாகாது. பேக்கேஜில் எழுபது டெஸ்ட் என்பார்கள், அதில் இது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் இருக்காது. அந்த எழுபதில் பாதி உங்கள் அம்மாவுக்குத் தேவையே இல்லை. ரிசல்ட் வந்த மறுநாள் 'கிட்னி கிளீன்' பொடி டப்பாவோடு ஆள் வருவார். வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மருந்துச் சீட்டுகளையும் புரட்டுங்கள். மூட்டு வலிக்கு டைக்லோஃபினாக் மாத்திரை அடிக்கடி வாங்கியிருந்தால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள், அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது, நல்லதுதான். ஆனால் அரசு ஆஸ்பத்திரிச் சீட்டு ஒரு பக்கம், தனியார் லேப் தாள் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடப்பதை ஒன்று சேர்க்கும் வேலை இன்னும் நோயாளி வீட்டார் தலையில்தான். ஆகவே எல்லாவற்றையும் தேதிப்படி அடுக்கி, கிரியேட்டினின் எண்களை ஒரே தாளில் எழுதி, இந்த வாரமே பெரியாஸ்பத்திரி சிறுநீரகப் பிரிவுக்கோ உங்கள் டாக்டரிடமோ கொண்டு போங்கள். கடை பில் போன்ற வழுவழுப்பான தாளில் அச்சடித்தவற்றை முதலில் போட்டோ எடுத்துவிடுங்கள். நாளாக ஆக எழுத்து மங்கிவிடும்.