அங்கோர் வாட்: முழங்கால் வலிக்கும் அம்மாவோடு இரண்டு நாள்

கேள்வி: நவம்பர் கடைசியில் அப்பா (70), அம்மா (66) இருவரையும் கூட்டிக்கொண்டு அங்கோர் வாட் கோவிலைப் பார்க்கக் கம்போடியாவின் சியெம் ரீப் போகிறோம். இரண்டு நாள்தான் இருக்கிறது, அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். ஒரு நாள் டிக்கெட் போதுமா? சூரிய உதயத்துக்கு விடிகாலையில் எழுப்பிக் கூட்டிப்போகலாமா?

பதில்: சூரிய உதயத்தை விட்டுவிடுங்கள். 4 மணிக்கு எழுந்து, இருட்டில் தடுமாறி நடந்து, குளக்கரையில் நூற்றுக்கணக்கான பேர் தூக்கிப்பிடித்த செல்போன்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் நிற்பது முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது, மேகம் இருந்தால் அதுவும் வீண். உதயம் பார்த்த கூட்டத்தில் பாதிக்கு மேல் காலைச் சாப்பாட்டுக்கு ஹோட்டலுக்குத் திரும்பிவிடும். அந்த ஏழு, ஏழரை மணிதான் உங்கள் நேரம்.

டிக்கெட் கணக்கு எளிது. ஒரு நாளுக்கு 37 டாலர், 3 நாளுக்கு 62. இரண்டு நாளும் தனித்தனியாக வாங்கினால் 74 ஆகிவிடும், அதனால் 3 நாள் டிக்கெட்டே எடுங்கள் (10 நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் செல்லும், தொடர்ந்து போகவேண்டியதில்லை). கோவில் வாசலில் விற்க மாட்டார்கள். ஊரிலுள்ள டிக்கெட் மையத்திலோ அதிகாரப்பூர்வ இணையதளத்திலோதான் வாங்கவேண்டும், போட்டோ ஒட்டிய டிக்கெட் என்பதால் ஒருவருடையதை இன்னொருவர் காட்டி நுழைய முடியாது.

அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோவில். முன்வாசலில் இறங்கினால் சுமார் 190 மீட்டர் அகல அகழியைக் கடந்து, உள்ளே இன்னொரு 350 மீட்டர் கல்பாதையில் வெயிலில் நடக்கவேண்டும். டுக்டுக் (அந்த ஊர் ஆட்டோ) ஓட்டுநரிடம் கிழக்கு வாசலில் விடச் சொல்லுங்கள். நடை அங்கேயும் உண்டு, ஆனால் மரநிழல், கூட்டமும் குறைவு. அப்புறம் அங்கோர் வாட்டின் மிகச் சிறந்த விஷயம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து: கிழக்குச் சுற்றுமண்டபத்தின் தென்பாதியில் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் சிற்பம், ஒரு பக்கம் 92 அசுரர்கள், மறுபக்கம் 88 தேவர்கள், நடுவில் திருமால். அப்படியே தெற்குச் சுற்றுக்குத் திரும்பினால் எமதர்மனின் தீர்ப்பும் நரகங்களும், கோவிலைக் கட்டிய மன்னன் இரண்டாம் சூரியவர்மனின் படை ஊர்வலமும். மேற்கில் ஒரு பாதி குருட்சேத்திரம், அம்புப்படுக்கையில் பீஷ்மரைத் தேடிப்பாருங்கள், மறுபாதி இலங்கைப் போர். உங்கள் அம்மா அப்பாவுக்கு வழிகாட்டியே வேண்டாம், அவர்களே கதை சொல்லிவிடுவார்கள்! சுற்றுமண்டபத்துக்குச் சில படிகள் ஏறினால் போதும், பிறகு எல்லாம் சமதளம்.

உச்சியிலுள்ள பாக்கான் தளத்துக்கு அம்மாவை ஏற்றாதீர்கள், படிகள் ஏணி போல் செங்குத்து, ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். நீங்கள் மட்டும் போவதானால் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பௌத்த விரத நாட்களில் அந்தத் தளம் மூடியிருக்கும்.

மதியம் ஹோட்டலில் ஓய்வு. மூன்று மணிக்குப் பேயோன் கோவில். முகம் செதுக்கிய கோபுரங்களுக்குப் படி ஏறவேண்டும், அதனால் தரைமட்டத்து வெளிச்சுவரே அம்மாவுக்குப் போதும், சந்தை, சேவல் சண்டை, பக்கத்து சம்பா நாட்டுச் சாம் மக்களோடு நடந்த படகுப் போர் என்று 12ஆம் நூற்றாண்டு வாழ்க்கை முழுக்க அங்கே இருக்கிறது. திரும்பும்போது அங்கோர் வாட்டின் மேற்கு அகழிக்கரையில் உட்காருங்கள், சாயங்கால வெளிச்சம் முகப்பில் நேராக விழும், போட்டோவுக்கு அதுதான் நேரம்.

இரண்டாம் நாள் டுக்டுக்கை விட்டுவிட்டுக் கார் எடுங்கள். பந்தியாய் ஸ்ரே சியெம் ரீப்பிலிருந்து 35 கிலோமீட்டர் போல இருக்கும். கி.பி. 967இல் எழுந்த சின்னக் கோவில், இளஞ்சிவப்புக் கல், தரையோடு தரையாக இருப்பதால் அம்மாவுக்கு இதுதான் சுலபம். இராவணன் கைலாயத்தை அசைக்கும் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள். திரும்பும் வழியில் மரவேர்கள் சுற்றிய தா புரோம் கோவில், தரை மேடுபள்ளம், கைத்தடி எடுத்துப்போகவும்.

சைவமா நீங்கள்? காய்கறிக் குழம்பிலும் மீன் சாஸ் ஊற்றுவார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். டாலர் எல்லா இடத்திலும் செல்லும், கிழிந்த நோட்டு மட்டும் வாங்க மாட்டார்கள். 2023இல் திறந்த புது விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல், திரும்பும் விமானத்துக்கு அந்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.